எதை அளக்கிறார்கள், எதால் வகுக்கிறார்கள்: கனரக லாரி விதிகளுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

போக்குவரத்து நிறுவனத்தில் விதிமுறைகளைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர், வாகனப் பொறியியல் படிக்கத் தொடங்கியவர், சொந்தமாக ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர் என்று யாராக இருந்தாலும் முதல் வாரம் ஒரே மாதிரிதான் போகும். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் விதித்தொகுப்பைத் திறப்பார்கள், இருபது பக்கம் படிப்பார்கள், சுருக்கெழுத்துகளில் தொலைந்துபோய் மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் மூடி வைத்தேன். பிறகு பிடிபட்டது ஒரே ஒரு பழக்கம்: எண் எதைப் பார்த்தாலும் 'எதை அளந்தார்கள், அதை எதால் வகுத்தார்கள், எந்த ஓட்டத்தில் அளந்தார்கள்' என்று மூன்று கேள்வி கேட்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பழக்கத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

முதல் படி: விதி யாரிடம் பேசுகிறது?

எண்ணுக்குள் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். லாரிகளின் கரியமில வாயு வரம்புகள் பெரும்பாலும் தயாரிப்பாளருக்கானவை. அதுவும் ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனியாக அல்ல, அவர் ஓராண்டில் விற்கும் லாரிகளின் சராசரிக்கு. வரம்பைவிட நன்றாகச் செய்தால் மிச்சத்தைச் சேர்த்து வைக்கலாம், அமெரிக்க விதியில் இன்னொரு தயாரிப்பாளருக்கு விற்கவும் செய்யலாம். லாரி வாங்கியவருக்கு இதில் நேரடி வேலை இல்லை.

உரிமையாளருக்கு விழுவது வேறு வகைக் கடமைகள். புகைக் கருவிகளைக் கழற்றக் கூடாது, காலமுறைச் சோதனைக்குப் போக வேண்டும், நின்ற இடத்தில் என்ஜினை ஓட விடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. கலிபோர்னியா மாநிலம் இங்கே ஒரு விதிவிலக்கு. 2008 டிசம்பரில் அது ஏற்றுக்கொண்ட விதி, 53 அடிப் பெட்டி டிரெய்லர்களுக்குக் காற்றுத் தடை குறைக்கும் அமைப்புகளும் உருளுதடை (உருளும்போது டயர் பின்னிழுப்பது) குறைந்த டயர்களும் வேண்டும் என்று வண்டி உரிமையாளரையே கேட்டது. உங்களுக்குப் பொருந்தும் பத்தி எது என்று தெரிந்தால் பாதிப் பக்கங்களை மடித்து வைத்துவிடலாம்.

இரண்டாம் படி: இரண்டு குடும்பத்தையும் பிரித்து வையுங்கள்

'எமிஷன் விதி' என்ற ஒரே பெயரில் இரண்டு தனி விஷயங்கள் ஓடுகின்றன. ஒன்று, நுரையீரலைத் தாக்கும் மாசுகள்: நைட்ரஜன் ஆக்சைடுகள், அதாவது தொழிலில் நாக்ஸ் என்று சொல்வது, அப்புறம் கரித்துகள். ஐரோப்பாவின் யூரோ 6, இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் 6, அமெரிக்காவின் 2010 வரம்பு எல்லாம் இந்தக் குடும்பம். மற்றொன்று, கரியமில வாயுவும் எரிபொருள் செலவும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். எந்த வடிகட்டியும் அதைக் குறைக்காது, டீசலைக் குறைத்து எரிப்பது ஒன்றே வழி. அதனால் இந்த இரண்டாவது குடும்பத்தில் புகை விதியும் மைலேஜ் விதியும் ஒரே நாணயத்தின் இரு பக்கம்.

இரண்டு குடும்பத்துக்கும் இடையே பழைய பகை ஒன்று உண்டு. டீசல் என்ஜினில் எரிதல் எவ்வளவு சூடாக நடக்கிறதோ அவ்வளவு திறன் கிடைக்கும், கரித்துகளும் குறையும். ஆனால் அதே சூட்டில்தான் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நாக்ஸ் ஆகின்றன. நாக்ஸைக் குறைக்க டீசலைச் சற்றுத் தாமதமாகப் பீய்ச்சினால் மைலேஜ் அடி வாங்கும், கரியும் கூடும். பல ஆண்டுகளாக என்ஜின் வடிவமைப்பு இந்தக் கயிறிழுப்பில்தான் சிக்கிக் கிடந்தது. அதை எது அவிழ்த்தது என்பதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: வகுக்கும் எண்ணைப் பாருங்கள்

இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். நாக்ஸ் வரம்பு 'ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு இத்தனை கிராம்' என்று வரும். வண்டி எத்தனை கிலோமீட்டர் போனது என்ற கேள்வியே அதில் இல்லை. என்ஜினை மட்டும் சோதனை மேடையில் பூட்டி, அது செய்த வேலையால் வகுக்கிறார்கள். ஒரே என்ஜின் குப்பை வண்டியிலும் போகும், நெடுஞ்சாலை லாரியிலும் போகும் என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு.

இங்கேயே முதல் பொறி. அமெரிக்காவின் 2010 நாக்ஸ் வரம்பு 0.20, யூரோ 6 வரம்பு 0.40. ஐரோப்பா இரண்டு மடங்கு தளர்வு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்க எண் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு, ஐரோப்பிய எண் ஒரு கிலோவாட்-மணிக்கு. மாற்றிப் பார்த்தால் அமெரிக்க வரம்பு சுமார் 0.27. சோதனை ஓட்டங்களும் வேறு. மாறாத நிலைச் சோதனைக்கு 0.40 என்று வைக்கும் யூரோ 6, ஏறி இறங்கும் ஓட்டத்துக்கு 0.46 என்று வைக்கிறது.

கரியமில வாயு விதிகளில் வகுப்பது 'டன் கிலோமீட்டர்', அதாவது ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்துவது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் லாரி 10 டன் ஏற்றி 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கிறது. அடுத்தது 20 டன் ஏற்றி 36 லிட்டர் குடிக்கிறது. மைலேஜ் மட்டும் பார்த்தால் முதல் லாரிதான் கெட்டிக்கார வண்டி. சரக்கால் வகுத்தால் முதலாவது டன் கிலோமீட்டருக்கு சுமார் 80 கிராம், இரண்டாவது சுமார் 48 கிராம். கதை தலைகீழாகிவிட்டது. எதால் வகுத்தது என்று சொல்லாமல் யாராவது 'எங்கள் வண்டி 15 விழுக்காடு மேல்' என்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

நான்காம் படி: வகுப்பும் தேதியும்

இது சுலபம். ஐரோப்பிய வகைப்பாட்டிலும் அதைப் பின்பற்றும் இந்திய வகைப்பாட்டிலும் 12 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனம் என்3. 10 டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லரை ஐரோப்பா ஓ4 என்கிறது. அமெரிக்காவில் 33,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 15 டன்னுக்கு மேல் போனால் 8-ஆம் வகுப்பு. இதெல்லாம் வண்டியோடு சரக்கும் சேர்ந்த அனுமதி எடை. அமெரிக்க விதி அதற்குள்ளும் இழுவை லாரிகளைப் படுக்கை அறை உண்டா இல்லையா, கூரை உயரமா தாழ்வா என்று பிரிக்கிறது. தேதி என்றால் நீங்கள் வாங்கிய தேதி அல்ல, தயாரிப்புத் தேதியோ மாடல் ஆண்டோதான். என்ஜின் மேலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சான்றுப் பட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து அதன் மேல் எண்ணெய்க் கறை படிந்து படிக்க முடியாமல் போகும்.

ஐந்தாம் படி: சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறு வேதித் தொழிற்சாலை

என்ஜினிலிருந்து புறப்படும் புகை முதலில் ஆக்சிஜனேற்ற வினையூக்கியைக் கடக்கிறது. அடுத்து டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டி. கடைசியாக எஸ்சிஆர் எனப்படும் நாக்ஸ் குறைக்கும் வினையூக்கி. இதில்தான் யூரியா கரைசல் தெளிக்கப்படுகிறது. சூட்டில் யூரியா அம்மோனியா ஆகி, அம்மோனியா நாக்ஸைப் பிடித்து வெறும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. இந்த எஸ்சிஆர்தான் முன்பு சொன்ன கயிறிழுப்பை அவிழ்த்தது. என்ஜினைச் சூடாக, திறனோடு எரிய விட்டுவிட்டு, வரும் நாக்ஸை வெளியே வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஆக, யூரியா டேங்க்கைத் தண்டச் செலவாகப் பார்ப்பவர்கள் அது மைலேஜுக்கும் கைகொடுக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கரைசலில் யூரியா 32.5 விழுக்காடு, மீதி தூய்மையாக்கிய நீர். இந்த விகிதத்தில்தான் உறைநிலை மிகத் தாழ்வு, சுமார் மைனஸ் 11 டிகிரி செல்சியஸ். உர யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள உப்புகளும் உலோகங்களும் வினையூக்கியை மெதுவாகக் கொல்லும். கடும் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த கரைசலும் கெட்டுப்போகும். டீசல் டேங்க்கில் தவறிப்போய் ஊற்றிவிட்டால் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் 'கொஞ்சம்தானே' என்று ஸ்டார்ட் செய்துவிட்டு, பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இன்னொரு இடம், கரியும் சாம்பலும் வேறு என்பது. வடிகட்டியில் சேரும் கரியை 550 டிகிரிக்கு மேல் சூடேற்றி எரித்துவிடலாம். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். டாஷ்போர்டில் அதற்கான விளக்கு எரியும்போது டிரைவர் அவசரத்தில் ரத்துசெய்துகொண்டே போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சாம்பல் அப்படி எரியாது. அது பெரும்பாலும் என்ஜின் ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வருவது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சாம்பல் குறைந்த ஆயிலைக் கையேடு வலியுறுத்துவது இதனால்தான். டீசலில் கந்தகம் குறைவாக இருந்தாக வேண்டும் என்பதும் இதே வரிசையில் வருகிறது. இந்தியா 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 4-லிருந்து நேராக 6-க்குத் தாவியபோது, டீசலின் கந்தக அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. எரிபொருள் மாறாமல் வடிகட்டி மட்டும் வந்திருந்தால் வேலைக்கு ஆகாது.

எஸ்சிஆருக்கு ஒரு பலவீனம் உண்டு. புகைக் குழாய் 200 டிகிரியை நெருங்காவிட்டால் யூரியாவைத் தெளிப்பதே வீண். நெரிசலில் ஊர்ந்துபோகும் லாரி, மணிக்கணக்கில் நின்ற இடத்தில் ஓடும் லாரி இரண்டிலும் நாக்ஸ் அப்படியே வெளியேறும். கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் கரும்புகை கரித்துகளின் அடையாளம்தான். சைலன்சர் வாயில் கைக்குட்டை கறுக்கவில்லை என்பது நாக்ஸ் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. 2022 டிசம்பரில் இறுதி செய்யப்பட்ட அமெரிக்க நாக்ஸ் விதி, குறைந்த பளுவில் ஓடும் நிலைக்கென்றே தனிச் சோதனை ஓட்டத்தைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். நின்ற இடத்தில் ஓடும் பெரிய லாரி என்ஜின் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசலையும் குடிக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டால், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்யும் அபூர்வமான காரியம் என்ஜினை அணைப்பது.

ஆறாம் படி: உங்கள் டீசல் எங்கே போகிறது என்று நீங்களே கணக்கிடுங்கள்

மொத்தம் 40 டன் எடையுள்ள டிரெய்லர் லாரி, சமதளச் சாலை. முகப்பரப்பு 10 சதுர மீட்டர், காற்றுத் தடைக் கெழு 0.6, டயரின் உருளுதடைக் கெழு 0.0055 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டரில் காற்று பின்னிழுக்கும் விசை சுமார் 2,250 நியூட்டன். டயர் பின்னிழுப்பது சுமார் 2,150. ஏறக்குறைய சரிபாதி. என்ஜினும் கியரும் சேர்ந்து 40 விழுக்காடு திறனோடு ஓடினால் 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் வாக்கில் வரும். நிஜத்தில் பார்க்கும் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, கணக்கு பொய் சொல்லவில்லை.

இப்போது எண்களை மாற்றி விளையாடுங்கள். வேகத்தை 80-க்கு இறக்கினால் காற்று 1,780 நியூட்டனாகும், மொத்த எதிர்ப்பில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும். வேகத்தைத் தொடாமல் டயரின் கெழுவை 0.0045 ஆக்கினால் கிட்டத்தட்ட அதே லாபம். ஐரோப்பிய டயர் வில்லையில் லாரி டயருக்கு 'சி' தரம் என்பது டன்னுக்கு 5.1 முதல் 6 கிலோ, அதாவது கெழு 0.0051 முதல் 0.006; 'பி' என்பது 4.1 முதல் 5 கிலோ. ஆக, ஓர் எழுத்து மேலே போவதன் மதிப்பு உங்களுக்கு இப்போது தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வெறும் 1,000 நியூட்டன், டயர் அதே 2,150. நகரத்துக்குள் சுற்றும் வண்டிக்குக் காற்றுத் தடுப்புத் தகடு போடுவது ஏன் வீண் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காலியாக, 15 டன்னில் 90-இல் திரும்பும் வண்டியோ நேர் எதிர். டயர் 800 சொச்சத்துக்கு இறங்கிவிடும், காற்று அப்படியே 2,250-இல் நிற்கும்.

இந்தக் கணக்கோடு விதிகளுக்குத் திரும்புங்கள். உலகில் முதன்முதலாகக் கனரக வாகன எரிபொருள் வரம்பு கொண்டுவந்த நாடு ஜப்பான், 2006-இல். அதன் முதல் விதி, வண்டியின் வடிவத்துக்கும் டயருக்கும் நிலையான மதிப்புகளை வைத்துவிட்டு என்ஜின், கியர் முன்னேற்றத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டது. இந்தியா 2017-இல் அறிவித்த விதி, வண்டியை 40, 60 கிலோமீட்டர் என்ற மாறாத வேகங்களில் ஓட்டி அளக்கச் சொன்னது. அந்த வேகத்தில் காற்றின் பங்கு எவ்வளவு என்று மேலே பார்த்தோம். எனவே அந்தச் சோதனை டயரைக் கவனிக்க வைக்கும், வடிவத்தைக் கவனிக்க அவ்வளவாகத் தூண்டாது. அமெரிக்காவின் ஜெம், ஐரோப்பாவின் வெக்டோ என்ற இரண்டும் கணினி உருவகிப்புகள். காற்றுத் தடை, டயர், என்ஜின், கியர் எல்லாவற்றையும் தனித்தனியே அளந்து உள்ளே கொடுத்து, நெடுந்தூரம், வட்டாரம், நகரம் என வெவ்வேறு ஓட்டங்களில் கரியமில வாயுவைக் கணிக்கின்றன. ஐரோப்பாவில் பெரிய லாரிகளின் முதல் சில வகைகளுக்கு 2019 ஜனவரியிலிருந்து வெக்டோ கட்டாயம். எந்தச் சோதனை எதைப் பார்க்கிறதோ அதைத்தான் தயாரிப்பாளர் திருத்துவார், இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஏழாம் படி: டிரெய்லர், என்ஜின் இல்லாத பிரச்சினை

காற்றுத் தடையில் கணிசமான பங்கு டிரெய்லரில் இருக்கிறது. லாரிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளி, பக்கவாட்டில் சக்கரங்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் அடிப்பகுதி, தட்டையான பின்முகம் என மூன்று இடங்கள். இதில் பக்கப் பாவாடை என்று சொல்லத்தக்க பக்கத் தகடுதான் முதலில் பார்க்க வேண்டியது. 2004-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஸ்மார்ட்வே திட்டம் இப்படிப்பட்ட கருவிகளை 1, 4, 5 விழுக்காடு சேமிப்பு எனத் தரம் பிரித்துச் சரிபார்த்துத் தருகிறது. பல கருவிகள் சேர்ந்து 9 விழுக்காட்டைத் தொட்டால் உயர்தரம்.

அப்படியானால் எல்லா டிரெய்லரிலும் ஏன் இல்லை? பல இடங்களில் டிரெய்லர் ஒருவருடையது, இழுக்கும் லாரி இன்னொருவருடையது. தகட்டுக்குக் காசு கொடுப்பவர் முதலாமவர், டீசல் மிச்சம் பிடிப்பவர் இரண்டாமவர். சந்தை தானாகத் தீர்க்காத இந்தச் சிக்கலை விதி தீர்க்கும் என்று எதிர்பார்த்து, 2016-இல் வந்த அமெரிக்காவின் இரண்டாம் கட்டக் கரியமில வாயு விதி டிரெய்லர்களையும் உள்ளே இழுத்தது. டிரெய்லர் தயாரிப்பாளர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. சட்டம் மோட்டார் வாகனத்தைத் 'தானே இயங்கும் வாகனம்' என்கிறது. டிரெய்லர் எங்கே தானே இயங்குகிறது? 2017-இல் இடைக்காலத் தடை, 2021 நவம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரெய்லர் பகுதியையே ரத்துசெய்தது. எனக்கு இந்தத் தீர்ப்பின் தர்க்கம் புரிகிறது, ஆனால் காற்றுக்கு அது புரியாது. எப்படியானாலும் 2016 விதித்தொகுப்பை இன்று இறக்கிப் படிப்பவர்கள் டிரெய்லர் அத்தியாயத்தைச் செல்லுபடியாகும் விதி என்று நினைத்துவிடக் கூடாது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. டிரெய்லரை ஒரு பொது மாதிரி லாரியின் பின்னால் கணினியில் பூட்டி, அதனால் எவ்வளவு டீசல் கூடுகிறது, குறைகிறது என்று கணித்து, அந்த எண்ணையே டிரெய்லரின் தகுதியாக எடுத்துக்கொண்டது. 2024-இல் திருத்திய விதிப்படி 2030-க்குள் அரை டிரெய்லர்கள் 10 விழுக்காடும், கம்பி பூட்டி இழுக்கும் முழு டிரெய்லர்கள் 7.5 விழுக்காடும் முன்னேற வேண்டும். லாரிகளுக்கு 2030-இல் 45, 2035-இல் 65, 2040-இல் 90 விழுக்காடு குறைப்பு. 2019-இல் முதலில் போட்ட இலக்கு 2030-க்கு 30 தான், எனவே பழைய கட்டுரைகளில் அந்த எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2024 மார்ச்சில் சூழல் பாதுகாப்பு முகமையின் மூன்றாம் கட்ட விதி வந்தது. 2025 ஜூலையில் அதே சூழல் முகமை, வாகனக் கரியமில வாயு விதிகளுக்கெல்லாம் அடித்தளமான 2009-ஆம் ஆண்டுத் தீர்மானத்தையே, அதாவது இந்த வாயுக்கள் மக்கள் நலனுக்குக் கேடு என்ற முடிவையே, நீக்க முன்மொழிந்தது, 2026 பிப்ரவரியில் நீக்கியும்விட்டது. விதியைப் படிக்கும் முன் அதன் இன்றைய நிலையைப் பாருங்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டாம் படி: சோதனை மேடையும் சாலையும்

1998-இல் அமெரிக்க அரசு ஏழு பெரிய டீசல் என்ஜின் தயாரிப்பாளர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அவர்களுடைய என்ஜின்களில் சோதனை ஓட்டத்தின்போது நாக்ஸைக் கட்டுப்படுத்திவிட்டு, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது டீசல் மிச்சமாகும் முறைக்கு மாறிக்கொள்ளும் மென்பொருள் இருந்தது. அபராதம் மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர், மற்ற கடப்பாடுகளோடு சேர்த்து ஏறத்தாழ நூறு கோடி. பழைய பகை, இரண்டாம் படியில் பார்த்ததே, இங்கே மென்பொருளாக வந்து நிற்கிறது.

அதன் பிறகுதான் சாலையிலேயே அளக்கும் வழக்கம் வலுவடைந்தது. பெட்டி அளவுக் கருவியைப் புகைக் குழாயோடு பூட்டி, சரக்கோடு ஓட்டி அளக்கிறார்கள். யூரோ 6-இல் சாலையில் கிடைக்கும் நாக்ஸ், மேடை வரம்பின் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் தேர்ச்சி. வண்டிக்குள்ளேயே இருக்கும் ஓபிடி கண்காணிப்பு இன்னொரு காவல். யூரியா தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ முதலில் விளக்கு எரியும், கண்டுகொள்ளாவிட்டால் என்ஜின் இழுவை குறையும், அதற்கும் அசையாவிட்டால் யூரோ 6 வண்டி மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக மறுக்கும். உணரியை ஏமாற்றும் சிறு பெட்டிகளை விற்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். பொருத்தினால் வண்டியின் சான்றுக்கே ஆபத்து, அதோடு கரி அடைத்த வடிகட்டி உள்ளே எவ்வளவு சூடாகிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் போகும்.

வேலை தொடங்கும் நாளில்

வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள், கணினியில் என்றாலும் சரி. சான்றுப் பட்டையின் படம், ஒவ்வொரு முறை நிரப்பிய டீசல், யூரியா, ஓடிய தூரம், ஏற்றிய டன். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் டன் கிலோமீட்டர் கணக்கு வராது. யூரியா பொதுவாக டீசலில் 3 முதல் 6 விழுக்காட்டுக்குள் இருக்கும். திடீரென்று அது பாதியாகக் குறைந்தால் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மகிழாதீர்கள், தெளிப்பான் அடைத்திருக்கும், அல்லது யாரோ எதையோ பொருத்தியிருப்பார்கள். டயர் மாற்றும்போது கழற்றிய டயரின் எழுத்தையும் மாட்டிய டயரின் எழுத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள். சான்று வாங்கியபோது வண்டியில் இருந்தது 'பி', இப்போது ஓடுவது 'டி' என்று மூன்றாம் வருடம் கண்டுபிடிக்க அந்த ஒரு வரி போதும்.